வளாக வழக்கும் ஆவணத் தமிழும்: விருதுநகர் வட்டாரக் கல்லூரிச் சொற்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கல்லூரி வளாகங்களில் வழங்கும் சொற்கள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. ஆவணங்களில் இடம்பெறும் தமிழ்க் கலைச்சொற்கள் முதல் அடுக்கு. அலுவலகமும் மாணவரும் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலக் கடன்சொற்கள் இரண்டாம் அடுக்கு. மாணவர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறிகள் மூன்றாம் அடுக்கு. இவ்வடுக்குகள் உருவாகும் முறையையும், தமிழ் இலக்கணம் இவற்றை உள்வாங்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஆலங்குளம், சிவகாசி, இராசபாளையம், சாத்தூர்ப் பகுதிகளின் முதல் தலைமுறை மாணவர் பள்ளியில் தமிழில் அறிந்த தேர்வுச் சொற்களையே கல்லூரியில் ஆங்கிலத்தில் மீண்டும் கற்க நேர்வதையும் அதன் விளைவையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

கல்லூரி வழக்கு, குழூஉக்குறி, கடன்சொல், அரியர், கலைச்சொல், முதல் தலைமுறை மாணவர்.

1. முன்னுரை

ஒரு சமூகம் புதிய நிறுவனம் ஒன்றினுள் நுழையும்போது அந்நிறுவனத்தின் சொற்களையும் சேர்த்தே ஏற்கிறது. நீதிமன்றம், தொடர்வண்டி, அஞ்சலகம் ஆகியன தமிழருக்குப் புதியனவாக வந்தபோது அவற்றின் சொற்களும் உடன் வந்தன. கல்லூரியும் அவ்வாறே வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு நூற்றாண்டுக்கும் மேலாக உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. 1960-61இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டதும், அதனையொட்டிக் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வெளிவந்ததும் பெரும் மாற்றங்களாகும்.

எனினும் அம்முயற்சிகள் பாடப்பொருளுக்குரிய கலைச்சொற்களையே மையமாகக் கொண்டன. வேதியியலுக்கும் பொருளியலுக்கும் தமிழ்ச் சொற்கள் அமைந்தன. ஆனால் வருகைப் பதிவு, கட்டணம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றைச் சூழ்ந்த அன்றாடச் சொற்கள் பெரிதும் கவனம் பெறவில்லை. மாணவர் ஒருவரின் படிப்பு நிறைவுறுவதைப் பாடச் சொற்களைப் போலவே இவ்வன்றாடச் சொற்களும் முடிவு செய்கின்றன. ஆதலின் இவை ஆய்வுக்குரியன.

2. ஆய்வுக்களம்

சிமெண்டு ஆலையால் அறியப்படும் ஆலங்குளம், விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. தென்காசி மாவட்டத்தில் உள்ள அதே பெயருடைய ஊரினின்றும் இது வேறானது. இதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் மானாவாரி வேளாண்மையையும், சிவகாசி வட்டாரத்தின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களையும் சார்ந்து வாழ்பவை. விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி (1947), சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963), சிவகாசி ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி (1968), இராசபாளையம் ராஜுக்கள் கல்லூரி (1973) முதலியன இம்மாவட்டத்தில் உயர்கல்வியைப் பரப்பிய நிறுவனங்கள். 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகமே, இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், இவ்வட்டாரத்திற்குரிய இணைப்புப் பல்கலைக்கழகமாகும்.

இவ்வட்டாரத்தைக் களமாகக் கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. பட்டாசுத் தொழில் தனக்கென ஒரு சொற்றொகுதியை உடையது. லைசென்ஸ், போர்மேன், கெமிக்கல் என்னும் ஆங்கிலச் சொற்கள் அதில் உள்ளன. ஆனால் கையாளுவோரின் உயிரோடு தொடர்புடைய பொருள்களுக்கு மருந்து, மணிமருந்து, திரி, சரம் எனத் தமிழ்ச் சொற்களே வழங்குகின்றன. தொழிலாளர் நாள்தோறும் கையால் தொடும் பொருளுக்கு அவர்தம் மொழியிலேயே பெயர் உண்டு. அனுமதியும் அதிகாரமும் சார்ந்தவற்றுக்கு ஆங்கிலப் பெயர் நிலைத்தது. அத்தகைய குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரிடத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. அவர் நாள்தோறும் கையாள வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயரே உள்ளது.

3. மூன்று அடுக்குகள்

தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. பிறமொழிச் சொல் தமிழில் நுழைவது இலக்கண நூலார்க்குப் புதிய செய்தியன்று. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் மரபான எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் ஒரு காரணம் பற்றி, ஒரு பொருளின் இயல்பான பெயரை விடுத்து வேறொரு குறியால் வழங்குவதே இதன் இலக்கணம்.

கல்லூரிச் சொற்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால், எல்லாவற்றையும் ‘மாணவர் கொச்சை’ என ஒன்றாக ஒதுக்குவது பொருந்தாது என்பது புலனாகும்.

முதல் அடுக்கு ஆவணச் சொற்கள். துணைவேந்தர், பதிவாளர், ஆட்சிக்குழு, பருவத்தேர்வு, அகமதிப்பீடு, நெறியாளர், வாய்மொழித்தேர்வு போன்றவை இதன்பாற்படும்.

இரண்டாம் அடுக்கு புழங்குசொற்கள். செமஸ்டர், இன்டர்னல், ஹால் டிக்கெட், மேஜர், அலைடு, கிரெடிட், டி.சி., போனஃபைட், கைடு, வைவா என்பன. முதல் அடுக்கில் தமிழ் இணை உள்ளவற்றையும் மாணவர் ஆங்கிலத்திலேயே வழங்குவர். ஆசிரியரும் அலுவலரும் அவ்வாறே வழங்குவதால் இவை குழூஉக்குறி ஆகா. நிறுவனத்தின் உண்மையான பேச்சுமொழி இவைதாம்.

மூன்றாம் அடுக்கே குழூஉக்குறி. கட் அடித்தல், பிட் அடித்தல், கோட் அடித்தல், கடலை போடுதல், மொக்கை போடுதல் முதலியன ஆசிரியரை விலக்கி மாணவர்க்குள் வழங்குபவை. பொற்கொல்லரின் ‘பறி’ போன்றே, பிறர் அறியாமற் பேசுவதும் தம்முள் ஒன்றுபடுவதும் இவற்றின் பயன்.

இவ்வடுக்குகளுக்கு இடையே சொற்கள் இடம்பெயர்வதும் உண்டு. அதற்குச் சிறந்த சான்று ‘அரியர்’ என்னும் சொல்.

4. ‘அரியர்’ என்னும் சொல்லின் வாழ்வு

ஆங்கிலத்தில் இச்சொல்லின் அடிப்படைப் பொருள், உரிய காலத்தில் செலுத்தப்படாது நிற்கும் தொகை. வருவாய்த்துறைத் தமிழில் ‘நிலுவை’ என்றும் பேச்சு வழக்கில் ‘பாக்கி’ என்றும் வழங்குவது இதுவே. தேறாத பாடத்தைக் கடனாக உருவகித்து, தமிழகக் கல்லூரிகள் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. இந்தியாவின் பிற பகுதிகளில் இதே பொருளுக்குப் ‘பேக்லாக்’, ‘சப்ளி’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. ஆதலின் ஆங்கிலச் சொல்லாயினும் இப்பொருளில் இதனைத் தமிழகத்து வழக்கு எனலாம்.

இச்சொல்லோடு சேரும் வினைகளை நோக்குதல் வேண்டும். அரியர் ‘விழுகிறது’, மாணவர் அரியர் ‘வைக்கிறார்’, பின்னர் அதனை ‘எழுதுகிறார்’, இறுதியில் ‘முடிக்கிறார்’. பழி விழுதல், அடி விழுதல் என்றாற்போல, தன் விருப்பமின்றி நேரும் தீங்கிற்குரிய வினையே முதலில் வருகிறது. இரண்டாவதாக வரும் ‘வை’ என்பது கடன் வைத்தல், பாக்கி வைத்தல் என்னும் தொடர்களில் உள்ள வினை. ஆங்கிலச் சொல்லின் பொருள்வரலாற்றை அறியாத மாணவரும் அதனைக் கடனுக்குரிய தமிழ் வினையோடு பொருத்தியே பேசுகின்றனர். பெயர் கடனாக வந்தாலும் அதனை இயக்கும் வினை தமிழின் வினையே.

இதன் மறுபக்கமும் சுவையானது. அரசு ஊழியர் வீடுகளில் அகவிலைப்படி உயர்வின் முன்தேதியிட்ட தொகையும் ‘அரியர்’ எனப்படும். அங்கு அரியர் ‘வருகிறது’. தந்தைக்கு வரும் அரியர் மகிழ்ச்சி. மகனுக்கு விழும் அரியர் துன்பம். ஒரே கூரையின்கீழ் ஒரே சொல்லின் இருபொருளையும் வினைச்சொல் ஒன்றே வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது.

மாணவர் வட்டத்துக்குள் வழங்கிய இச்சொல் 2020இல் பொதுச்சொல்லானது. பெருந்தொற்றுக் காலத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்திய மாணவரின் அரியர் தேர்வுகள் நீக்கப்பட்டுத் தேர்ச்சி வழங்கப்படும் எனத் தமிழக அரசு அவ்வாண்டு ஆகத்து மாதம் அறிவித்தது. அதனையொட்டி எழுந்த விவாதத்திலும் உயர்நீதிமன்ற வழக்கிலும் இச்சொல் நாளிதழ்த் தலைப்புகளில் இடைவிடாது இடம்பெற்றது. ஆயினும் மதிப்பெண் பட்டியலில் இச்சொல் இடம்பெறுவதில்லை. மீண்டும் எழுதுதலைச் சுட்டும் ஆங்கிலச் சுருக்க எழுத்துகளே பல பல்கலைக்கழகங்களின் பட்டியல்களில் காணப்படுகின்றன. பேச்சில் கடன்; ஆவணத்தில் மறுவருகை. ஒரு நிகழ்வை இருதரப்பாரும் காணும் கோணம் இதனால் விளங்கும்.

5. ‘அடி’, ‘போடு’ என்னும் வினையாக்கிகள்

குழூஉக்குறிகளில் பெரும்பான்மை ‘அடி’, ‘போடு’ என்னும் இரு வினைகளால் அமைகின்றன. கட் அடி, பிட் அடி, காப்பி அடி, சைட் அடி, கோட் அடி என்பன ஒருபுறம். மட்டம் போடு, கடலை போடு, மொக்கை போடு என்பன மறுபுறம். இவற்றுள் ‘மட்டம் போடுதல்’ பள்ளி வழக்கிலும் உள்ளது. கல்லூரியில் அதன் இடத்தைக் ‘கட் அடித்தல்’ பெரிதும் பிடித்துக்கொண்டது.

‘அடி’ என்னும் வினை தன் அடிப்படைப் பொருளாகிய தாக்குதலை இத்தொடர்களில் இழந்து, பெயரை வினையாக்கும் உறுப்பாக மட்டும் நிற்கிறது. அரட்டையடித்தல், கூத்தடித்தல், கொட்டமடித்தல் என்னும் தமிழ்த் தொடர்களை ஒப்புநோக்குக. பயனற்ற அல்லது கட்டுப்பாடற்ற செயலைக் குறிக்கும் இத்தொடர்களின் அச்சிலேயே மாணவர் புதிய சொற்களை வார்த்துள்ளனர். இவ்வினை எப்போதும் இழிபொருளே தரும் என்று கொள்ளவியலாது. அச்சுத்தொழில் ஊராகிய சிவகாசியில் காலண்டர் அடித்தல், நோட்டீஸ் அடித்தல் என்பன நாள்தோறும் நடைபெறும் தொழிற்செயல்கள். எனவே ‘அடி’யோடு சேரும் பெயரே பொருளின் சாயலை உறுதி செய்கிறது எனலே பொருந்தும்.

‘வகுப்புக்கு மட்டம் போட்டான்’ என்பதும் ‘வகுப்பைக் கட் அடித்தான்’ என்பதும் வேற்றுமையால் வேறுபடுகின்றன. முன்னதில் வகுப்பு நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. பின்னதில் இரண்டாம் வேற்றுமையில் செயப்படுபொருளாகிறது. வெட்டுதல் என்னும் மூலப்பொருளின் நினைவே செயப்படுபொருளை வேண்டிற்று எனக் கருதலாம். கடன்சொல்லானது தமிழின் தொடரமைப்பினுள் அடங்கி நிற்பதை இது காட்டுகிறது. மொழி சிதைகிறது என்று அஞ்சுவோர் இவ்வொழுங்கைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

6. பள்ளித் தமிழும் கல்லூரி ஆங்கிலமும்

இதுவரை கூறியவற்றால் மூன்றாம் அடுக்கு குறித்துக் கவலைகொள்ள வேண்டியதில்லை என்பது பெறப்படும். உண்மையான இடர்ப்பாடு இரண்டாம் அடுக்கில் உள்ளது.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் பொதுத்தேர்வுகளின் அறிவிப்புகளை நோக்குக. நுழைவுச்சீட்டு, தனித்தேர்வர், துணைத்தேர்வு, விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு, தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் என அனைத்தும் தமிழில் உள்ளன. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஆண்டுதோறும் இவற்றையே வழங்குவதால் கல்வி பெறாத பெற்றோரும் இவற்றை அறிவர். மறுகூட்டல் என்பது மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டுவது, மறுமதிப்பீடு என்பது விடைத்தாளைத் திரும்பத் திருத்துவது என்னும் வேறுபாட்டைச் சொற்களே விளக்கிவிடுகின்றன.

அதே மாணவர் சில திங்களில் கல்லூரியில் சேர்ந்ததும் நுழைவுச்சீட்டு ‘ஹால் டிக்கெட்’ ஆகிறது. மறுகூட்டல் ‘ரீடோட்டலிங்’ ஆகிறது. மறுமதிப்பீடு ‘ரீவேல்யூவேஷன்’ ஆகிறது. தேர்வுகளை நடத்தும் அலுவலர் ‘சி.ஓ.ஈ.’ ஆகிறார். பொருளில் மாற்றமில்லை, சொல் மட்டும் மாறுகிறது. பிற மாநில மாணவர் வராத, தமிழே பேசும் சிற்றூர் மாணவர் நிறைந்த கல்லூரிகளிலும் இதுவே நிலை.

சொல் மாற்றத்தால் விளையும் இழப்பு சிறிதன்று. ‘கண்டோனேஷன்’ என்னும் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம். பெரும்பாலான கல்லூரிகளில் பருவத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தோர் காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி, விலக்குப் பெற்றுத் தேர்வு எழுத இயலும். இவ்விலக்கே கண்டோனேஷன். தமிழில் இதனை ‘வருகைக் குறைவு பொறுத்தல்’ எனலாம். ‘பொறுத்தல்’ என்ற அளவிலேயே, இது கேட்டுப் பெறக்கூடிய ஒன்று என்பது விளங்கிவிடும். ஆங்கிலச் சொல்லோ, அபராதம் என்னும் எண்ணத்தையே மாணவரிடம் தோற்றுவிக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு வேலைக்குச் செல்லும் குடும்பத்து மாணவர்க்கு வருகைக் குறைவு நேர்வது எளிது. தமக்கு ஒரு வழி உண்டு என்பதைச் சொல்லிலிருந்தே அறிய முடியாமற்போவது, படிப்பை ஒரு பருவம் பின்தள்ளிவிடும்.

‘போனஃபைட்’ என்பதும் அத்தகையதே. பேருந்துச் சலுகை, கல்விக்கடன், உதவித்தொகை ஆகியவற்றுக்குக் கல்லூரியில் பயின்று வருவதை உறுதிசெய்யும் சான்று இது. ‘பயிலுநர் சான்று’ என்று அறிவிப்பில் எழுதினால், எதற்குரியது என்பதைப் பெற்றோரும் அறிவர்.

இவற்றினும் முரணானது ‘பி.எஸ்.டி.எம்.’ என்னும் சுருக்கம். தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என்றது. தமிழில் படித்ததற்கான அச்சான்றிதழைத் தேர்வர்கள் ஆங்கில எழுத்துகள் நான்கின் சுருக்கத்தாலேயே வழங்குகின்றனர். தமிழுக்குரிய உரிமையும் ஆங்கிலப் பெயரோடு உலவுகிறது.

7. வேரூன்றிய தமிழ்ச் சொற்கள்

தமிழ்ச் சொல் வழக்கில் நில்லாது என்னும் கருத்தை வரலாறு மறுக்கிறது. முற்காலத்தில் ‘சர்வகலாசாலை’ என வழங்கியதன் இடத்தில் இன்று ‘பல்கலைக்கழகம்’ நிலைபெற்றுவிட்டது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் ‘கழகம்’ சூதாடும் இடத்தைக் குறித்தது. கம்பராமாயணத்தில் கலை பயிலும் இடத்தைக் குறித்தது. இழிபொருளும் உயர்பொருளும் உடைய பழஞ்சொல் ஒன்று, இருபதாம் நூற்றாண்டில் உயர்கல்வியின் பெயராக மறுவாழ்வு பெற்றது. நாளிதழ்கள் இதனைப் ‘பல்கலை’ எனக் குறுக்கியும் வழங்குகின்றன. சுருங்குதல் என்பது ஒரு சொல் புழக்கத்தில் தேய்ந்து பழகியதற்கு அடையாளம்.

‘முனைவர்’ என்னும் சொல்லும் அவ்வாறே வென்றது. மருத்துவரையும் ஆய்வுப் பட்டம் பெற்றவரையும் ஒரே சொல்லால் குறித்த ஆங்கில வழக்கின் மயக்கத்தை அது நீக்கியது. பெயரின் முன்னொட்டாக நின்றதால் அழைப்பிதழ், பெயர்ப்பலகை, மேடை எங்கும் பரவிற்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளால் பட்டமே நிறுத்தப்பட்ட பின்னரும், ‘ஆய்வியல் நிறைஞர்’ என்னும் பெயர் அதனைப் பெற்றோரின் தகுதிக் குறிப்புகளில் வாழ்கிறது.

அண்மைக் காலச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகத்தில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்குகின்றன. இவற்றை எவரும் ஆங்கிலத்தில் வழங்குவதில்லை. ‘புதுமைப் பெண் பணம் ஏறிவிட்டதா’ என்றே வீடுகளில் வினவுவர். வருவாய்த்துறை வழங்கும் ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ்’ என்னும் தொடரும் கிராமங்களில் நன்கு அறியப்பட்டதே.

இவற்றால் ஒரு விதி பெறப்படும். நிறுவனம் தானே வழங்கும் சொல்லை மக்கள் வழங்குவர். அகராதியில் மட்டும் நிற்கும் சொல் எத்துணைச் செம்மையாயினும் வழக்குப் பெறாது. ஆட்சிச் சொல்லகராதி 1957இலேயே வெளிவந்தது. சொல்லின்மை அன்று, சொல்லை வழங்காமையே குறை.

8. ஈழத்து வழக்கோடு ஓர் ஒப்பீடு

இலங்கைத் தமிழரின் பல்கலைக்கழக வழக்கு இவ்விதியை மேலும் உறுதிப்படுத்தும். அங்குப் பீடம், பீடாதிபதி, விரிவுரையாளர், இளமாணி, முதுமாணி, கலாநிதி என்னும் சொற்கள் ஆவணத்திற்கு வெளியிலும் வழங்குகின்றன. தமிழகத்துக் ‘கட்-ஆஃப்’, அங்கு ‘வெட்டுப்புள்ளி’. தமிழகத்து ‘ராகிங்’, அங்குப் ‘பகிடிவதை’. நகைத்தலையும் வதைத்தலையும் இணைத்த அச்சொல், விளையாட்டு என்னும் போர்வையின்கீழ் நிகழும் கொடுமையைப் பெயரளவிலேயே உணர்த்திவிடுகிறது. தமிழகத்தில் 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்து 1997இல் ராகிங் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. ‘பகடிவதை’ என்னும் வடிவம் இதழ்களில் இங்கும் வழங்குகிறது. எனினும் வளாகப் பேச்சில் ஆங்கிலச் சொல்லே நீடிக்கிறது. அச்சொல் கொடுமையை விளையாட்டாகவே தோன்றச் செய்யும் அளவுக்குப் பொருள் தெளிவற்றது.

9. ஏற்பனவும் மாற்றுவனவும்

எல்லாக் கடன்சொற்களையும் நீக்குதல் இயலாது, வேண்டுவதும் அன்று. பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் தேவை. ஒரு சொல்லை அறியாமையால் மாணவர் எதனை இழப்பார் என்னும் வினாவை அவ்வளவுகோலாக இக்கட்டுரை முன்வைக்கிறது.

‘கட் அடித்தல்’ என்பதன் பொருள் அறியாதவர் எதனையும் இழப்பதில்லை. இரண்டு நாளில் நண்பரிடம் அறிந்துகொள்வர். ‘அரியர்’ தமிழ் வினைகளோடு பிணைந்து, பெற்றோர் வரை அறிந்த சொல்லாகிவிட்டது. அதனைப் பேச்சில் விட்டுவிடலாம். ஆவணத்தில் ‘நிலுவைத்தாள்’ என அருகில் எழுதினால் போதும். ஆனால் காலக்கெடு, கட்டணம், உரிமை ஆகிய மூன்றனுள் ஒன்றைச் சுமக்கும் சொல் எதுவாயினும், அதனைத் தமிழில் வழங்குவது நிறுவனத்தின் கடமை. வருகைக் குறைவு பொறுத்தல், மறுகூட்டல், மறுமதிப்பீடு, பயிலுநர் சான்று, மாற்றுச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்று ஆகியன இவ்வகையின.

இதற்குப் புதிய சொல்லாக்கக் குழுக்கள் வேண்டுவதில்லை. பள்ளித் தேர்வுத்துறை வழங்கும் சொற்களை அவ்வாறே கல்லூரிக்கும் கொண்டுவரலாம். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தின் அருகே தமிழையும் எழுதலாம். முதலாம் ஆண்டு மாணவர்க்கான அறிமுக வகுப்பில் இச்சொற்களின் விளக்கப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கலாம். அதனை உருவாக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறைகள் ஏற்றல் தகும். பகுதி ஒன்று தமிழ்ப்பாடம் வழியாகப் பெரும்பாலான இளங்கலை மாணவரைச் சென்றடையும் வாய்ப்புடைய துறை அதுவே.

10. முடிவுரை

கல்லூரி வழக்கின் மூன்று அடுக்குகளுள் மாணவர் படைக்கும் குழூஉக்குறி, நன்னூலார் கண்ட மரபின் தொடர்ச்சியே. அதன் தொடரமைப்பு தமிழின் இயல்புக்கு மாறானதன்று. கடன்பெயரைத் தமிழ் வினை ஆளும் முறையை ‘அரியர்’ என்னும் சொல்லின் வாழ்வு காட்டுகிறது. திருத்தம் வேண்டுவது நிறுவனம் தன் மாணவரோடு பேசும் மொழியிலேயாகும். பள்ளி வரை தமிழில் இருந்த தேர்வுச் சொற்கள் கல்லூரி வாயிலில் ஆங்கிலமாவதற்குக் கல்வியியல் காரணம் ஏதும் இல்லை. மருந்தையும் திரியையும் தம் சொல்லால் அழைத்துத் தொழில் செய்யும் வட்டாரத்தின் பிள்ளைகள், தம் உரிமைகளையும் தம் சொல்லால் அறிந்து கேட்கும் நிலை வேண்டும். பிற மாவட்டங்களின் வளாக வழக்குகளும் இவ்வளவுகோல் கொண்டு தொகுக்கப்பெறின், தமிழக உயர்கல்விக்குரிய பொதுச்சொற் பட்டியல் ஒன்று உருவாகும்.